குணசேகரனை நாம் ஏன் ரசித்தோம்? – தொடர்களின் வரலாறும் ஓர் இரண்டாம் பாகமும்



கடந்த ஆண்டு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறு நிகழ்வு. குழு நடவடிக்கையின்போது மாணவன் ஒருவன் தன் குழுவிலிருந்த மாணவியை நோக்கிக் கையை நீட்டி, குரலைத் தடிக்கச் செய்து, "இந்தாம்மா ஏய்!" என்றான். வகுப்பே சிரித்தது. பின் வரிசைப் பையன்கள் கைதட்டினார்கள். அந்த மாணவி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த மணிலா அட்டையை மேசைமீது வைத்துவிட்டு, "டீச்சர், நான் வேற குழுவுக்குப் போறேன்" என்றாள்.

பையனைக் கண்டிக்க வாயெடுத்தேன். ஆனால் சொல் உடனே வரவில்லை. காரணம், அதே வசனத்திற்கு எங்கள் வீட்டு வரவேற்பறையில் என் தாயாரோடு அமர்ந்து நானும் பலமுறை சிரித்திருக்கிறேன். சன் தொலைக்காட்சியின் 'எதிர்நீச்சல்' தொடரை முதல் நாளிலிருந்து தவறாமல் பார்த்தவள் நான். இதனை ஆசிரியர் அறையில் ஒப்புக்கொள்ளச் சற்றுக் கூச்சம்தான். எனினும் ஒப்புக்கொள்ளாமல் இக்கட்டுரையை எழுத இயலாது.

பெண்களை அடக்கியாள்பவன் தவறானவன் என்று காட்டுவதற்காகவே எழுதப்பட்ட தொடர் அது. அப்படியிருக்க, அந்த அடக்குபவனே நம் வீட்டுச் சிறுவர்களின் நாயகனானது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டபோது, இது நம் வீட்டுக்கு மட்டும் வந்த சிக்கல் அன்று என்பது தெரிந்தது.

'தொடரும்' என்ற சொல்

கதையைப் பாதியில் நிறுத்தி மறுவாரம் வரை காத்திருக்க வைக்கும் கலை, தொலைக்காட்சிக்கு மிகவும் முந்தியது. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் தம் 'பிக்விக் பேப்பர்ஸ்' கதையை 1836, 1837ஆம் ஆண்டுகளில் மாதந்தோறும் சிறு நூலாக வெளியிட்டார். ஆர்தர் கோனன் டாயில் 1893இல் தம் துப்பறியும் நாயகன் ஷெர்லாக் ஹோம்சைக் கதையில் கொன்றபோது வாசகர்கள் கொதித்தெழுந்தனர். பத்தாண்டுகள் கழித்து 1903இல் அவனை உயிரோடு மீட்டுக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இரசிகர் விருப்பத்தால் பிறந்த 'இரண்டாம் பாகம்' அதுவே எனலாம்.

தமிழில் இக்கலையின் உச்சம் கல்கி. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரந்தோறும் வெளிவந்தது. நம் நாட்டுத் தோட்டப்புறங்களிலும் இதழ்கள் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, லயத்துத் திண்ணையில் அமர்ந்து மற்றவர்கள் கேட்பார்கள் என்று என் பாட்டி சொல்லியிருக்கிறார். இன்று ஒரே தொலைக்காட்சியின் முன் மூன்று தலைமுறை அமர்வதற்கு முன்னோடி அந்தத் திண்ணைதான்.

பிறகு வானொலி வந்தது. 1930களில் அமெரிக்காவில் பகல் நேரத்தில் வீட்டிலிருந்த பெண்களுக்காக நாள்தோறும் நாடகங்கள் ஒலிபரப்பாயின. சவர்க்கார நிறுவனங்களே அவற்றிற்குப் பணம் கொடுத்தன. அதனால்தான் இத்தகைய தொடர்களுக்குச் 'சோப் ஓபரா' என்ற பெயர் நிலைத்தது. ஆகவே, தொடரின் பிறப்பிலேயே இரு நோக்கங்கள் உள்ளன: கதையில் கட்டிப்போடுவது, கட்டிப்போட்டவரிடம் பொருள் விற்பது. கற்பிப்பது என்னும் மூன்றாம் நோக்கம் பின்னர்தான் சேர்ந்தது.

கற்பிக்க வந்த தொடர்கள்

1969இல் பெரு நாட்டில் 'சிம்ப்ளமெந்தே மரியா' என்றொரு தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. கிராமத்திலிருந்து நகருக்கு வீட்டு வேலைக்கு வரும் மரியா, எழுத்தறிவு பெற்று, தையல் கற்று, தையல் இயந்திரத்தின் துணையோடு ஆடை வடிவமைப்பாளராக உயர்கிறாள். தொடர் ஒளிபரப்பான நாடுகளில் பெண்கள் தையல் வகுப்புகளை நாடிச் சென்றனர். தையல் இயந்திரங்களின் விற்பனையும் கூடியது.

இதனை மெக்சிகோ நாட்டின் மிகேல் சபிதோ கூர்ந்து கவனித்தார். தற்செயலாக நடந்ததைத் திட்டமிட்டுச் செய்தால் என்ன என்று எண்ணினார். முதியோர் கல்வியை மையமாக வைத்து 1975இல் 'வென் கோன்மிகோ' தொடரை உருவாக்கினார். அவருடைய முறை எளியது. நல்வழி காட்டும் பாத்திரம் ஒன்று, தீய வழி காட்டும் பாத்திரம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் தடுமாறி மெல்ல மெல்ல மாறும் பாத்திரம் ஒன்று. பார்வையாளர் அந்த மூன்றாம் பாத்திரத்தில் தம்மைக் காண்பார், அதனோடு சேர்ந்து தாமும் மாறுவார் என்பது அவர் கணிப்பு. பாடநூல் எங்கே கிடைக்கும் என்று ஒருநாள் தொடரில் அறிவித்ததும், மறுநாள் போக்குவரத்தே தடைபடும் அளவுக்கு அங்கு மக்கள் திரண்டனர்.

அந்த முறையின் தாக்கத்தில் இந்தியாவில் பிறந்ததுதான் தூர்தர்ஷனின் 'ஹம் லோக்'. 1984 ஜூலை 7ஆம் நாள் தொடங்கி 1985 டிசம்பர் வரை 156 பகுதிகள் ஒளிபரப்பாயின. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூத்த நடிகர் அசோக் குமார் திரையில் தோன்றி, அன்றைய கதையிலிருந்து நாம் சிந்திக்க வேண்டியது என்ன என்று பேசுவார். வகுப்பின் முடிவில் நாம் பாடத்தை மீட்டுணர்வது போலத்தான்.

அத்தொடரில் பகவந்தி என்றொரு தாய். குடிகாரக் கணவனைச் சகித்து, எல்லா அவமானங்களையும் விழுங்கி வாழ்பவள். இப்படி இருக்கலாகாது என்று உணர்த்தப் படைக்கப்பட்டவள். ஆனால் பின்னர் ஆய்வு செய்த அரவிந்த் சிங்கால், எவரெட் ராஜர்ஸ் ஆகியோர் வேறொன்றைக் கண்டனர். பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் பகவந்தியையே பின்பற்றத்தக்க உத்தமப் பெண்ணாகக் கொண்டிருந்தனர். அசோக் குமார் எவ்வளவு விளக்கியும் அவர்கள் பெற்ற பாடம் அதுவே.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1971 முதல் 1979 வரை ஒளிபரப்பான 'ஆல் இன் த ஃபேமிலி' தொடரில் ஆர்ச்சி பங்கர் என்ற தந்தை இனவெறுப்பும் ஆண் திமிரும் நிறைந்தவர். அவரை எள்ளி நகையாடுவதே தொடரின் நோக்கம். 1974இல் வெளியான ஓர் ஆய்வு, ஏற்கெனவே அத்தகைய வெறுப்புடைய பார்வையாளர்கள் ஆர்ச்சியைக் கண்டு வெட்கப்படவில்லை, 'நம் மனத்தில் உள்ளதைப் பேசுகிறார்' என்றே மகிழ்ந்தனர் என்று காட்டியது.

ஆசிரியர்களாகிய நாம் இதனை நன்கு அறிவோம். கற்பிப்பது ஒன்று, மாணவர் கற்றுக்கொள்வது வேறொன்று.

நம் வீட்டுக்குள் வந்த பெட்டி

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. பள்ளிகளுக்கான கல்வித் தொலைக்காட்சி 1972இல் வந்தது. வண்ண ஒளிபரப்பு 1978இல் வந்தது. 1877இல் நடப்பட்ட இரப்பர் மரங்களுள் ஒன்று இன்னும் நிற்கும் ஊர் எங்கள் கோலா கங்சார். அந்த மரம் பெற்ற புகழில் ஒரு பங்குகூட, அதன் வழிவந்த மரங்களை வெட்டிப் பால் எடுத்த மக்களுக்குக் கிட்டவில்லை. நான் சிறுமியாக இருந்த தோட்டத்தில் தொலைக்காட்சி வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரசாங்க அலைவரிசையில் தமிழ்ப்படம் என்றால் அவ்வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும்.

இதற்கிடையே தமிழ்நாட்டில் சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14இல் தொடங்கியது. இங்கே 1996இல் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு வந்தது. வானவில் அலைவரிசை பிறந்தது. ராதிகா நடித்த 'சித்தி' 1999 டிசம்பர் முதல் 2001 நவம்பர் வரை ஓடியது. நான் ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயின்ற காலம் அது. வார இறுதியில் வீடு திரும்பும்போது அத்தை வீடியோக் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்து வைத்திருப்பார். சிற்றன்னை என்றால் கொடியவள் என்ற பழைய கதையைப் புரட்டிப்போட்டது அத்தொடர். அதனால்தான் இன்றும் பலர் நினைவில் நிற்கிறது.

அதன்பின் திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை வந்தது. தாயில்லாத ஐந்து பெண்களையும் அவர்களுடைய தந்தையையும் பற்றிய கதை. திருச்செல்வம் இயக்கிய 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1500 பகுதிகளுக்கு மேல் நீண்டது. தேவயானி நடித்த அபி, குடும்பத்தைத் தோளில் சுமந்தபடியே தொழிலில் உயர்ந்தாள். அதில் இயக்குநர் தாமே ஏற்ற பாத்திரத்தின் பெயர் தொல்காப்பியன் என்பது தமிழாசிரியர்களுக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

எதிர்நீச்சல்: முதல் பாகம்

அதே திருச்செல்வம் 2022 பிப்ரவரியில் தொடங்கியதுதான் 'எதிர்நீச்சல்'. மதுரை வட்டாரத்தில் வசதியான ஒரு கூட்டுக்குடும்பம். மூத்தவன் ஆதி குணசேகரன் சொல்வதே சட்டம். படித்த பெண்களாகத் தேடி மருமகள்களாக்கி, அடுப்படியில் நிறுத்தி வைப்பது அவ்வீட்டு வழக்கம். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி ஆகிய மூவரும் தத்தம் கனவுகளை மடித்து வைத்துவிட்டு வாழ்கிறார்கள். நான்காவதாக வரும் ஜனனி அந்த மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள்.

இத்தொடரின் உண்மையான வலிமை அந்த அடுப்படியில்தான் இருந்தது. நான்கு பெண்களும் காய் நறுக்கிக்கொண்டே தாழ்ந்த குரலில் பேசும் காட்சிகளில், பயமும் கேலியும் கோபமும் கலந்திருந்தன. மாமியாரும் மருமகளும், ஓரகத்தியும் ஓரகத்தியும் ஒருவரையொருவர் கவிழ்க்கும் தொடர்களையே பார்த்துப் பழகிய கண்களுக்கு, ஓரகத்திகள் ஒருவருக்கொருவர் துணை நிற்பது புதிதாக இருந்தது. சபிதோ கூறிய அந்த மூன்றாம் வகைப் பாத்திரம், தடுமாறித் தடுமாறி மாறுவது, இங்கே மூவராக இருந்தது.

என் தாயார் இத்தொடரைப் பார்த்த விதம் வேறு. அவர் பதினான்கு வயதில் பால்மரம் வெட்டப் போனவர். "வேலைக்குப் போகாதேன்னு சொல்ல நம்ம ஆம்பளைங்களுக்கு ஏது வசதி?" என்று முதல் வாரமே கேட்டார். உண்மைதான். தோட்டத்துத் தமிழ்ப்பெண் விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, ஆணுக்குச் சமமாக நிரை வெட்டியவள். பல காலம் ஆணைவிடக் குறைந்த கூலிக்கு வெட்டியவள். ஆனால் சில வாரங்கள் கழித்து அவரே இன்னொன்றும் சொன்னார்: "வேலைக்கு விட்டாங்க. சம்பளக் காசை யாரு கையில வாங்கினா? அதைக் கேக்க மாட்டியா?" அன்று முதல் அவரும் குணசேகரனின் எதிரியாகிவிட்டார். ஆனாலும் அவன் பேசும்போது சிரிப்பதை நிறுத்தவில்லை.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் நடிகர் ஜி. மாரிமுத்து. தேனி மாவட்டத்துக்காரர். 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' ஆகிய படங்களை இயக்கியவர். 'பரியேறும் பெருமாள்' முதலான படங்களில் நடித்தவர். கொடியவன் என்றால் கண்ணை உருட்டிப் பல்லைக் கடிக்க வேண்டும் என்ற வழக்கத்தை அவர் விட்டொழித்தார். நம் சித்தப்பாவையோ பெரியப்பாவையோ பார்ப்பது போலிருந்தது. அவர் பேசிய வட்டார வழக்கு, பேச்சை முடிக்காமல் விடும் அலட்சியம், தோற்றபின்பும் தோற்காதது போல நிற்பது எல்லாமே நாம் எங்கோ நேரில் பார்த்தவை. பழக்கமானதைத் திரையில் காணும்போது முதலில் வருவது சிரிப்பு. அச்சிரிப்பில் கோபம் கரைந்துவிடுகிறது. இதுதான் நான் கண்ட விடை.

2023 செப்டம்பர் 8ஆம் நாள் சென்னையில், இத்தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு ஏற்பட்டு அவர் மறைந்தார். அன்று மாலை பள்ளியிலிருந்து திரும்பியபோது என் தாயார் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அமர்ந்திருந்தார். ஊரில் தெரிந்தவர் இறந்தது போல் இருந்தது. சில வாரங்களுக்குப்பின், 'குற்றப் பரம்பரை' நாவலை எழுதிய எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார். 2024 ஜூன் மாதம் முதல் பாகம் முடிவுற்றது.

எதிர்நீச்சல் தொடர்கிறது: ஓர் இரசிகையின் கருத்து

இரண்டாம் பாகம் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்ற பெயரில் 2024 டிசம்பர் 23இல் தொடங்கியது. சென்னையில் இரவு 9.30 மணி என்றால் நமக்கு நள்ளிரவு. ஆகவே மறுநாள் மாலை, பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தியபடி இணையத்தில் பார்ப்பது என் வழக்கமாயிற்று.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேல ராமமூர்த்தியை ஏற்க எனக்கு நெடுநாள் பிடித்தது. முன்னவரைத் தேடித் தேடி ஏமாந்தேன். ஆனால் இரண்டாம் பாகத்தில் அவருடைய குணசேகரன் தனி மனிதனாகி நின்றான். இவனிடம் சிரிப்பு குறைவு, அச்சம் மிகுதி. வீட்டில் யாரும் இவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஒருவகையில், அப்பாத்திரம் எதற்காக எழுதப்பட்டதோ அதனை இவரே நிறைவேற்றினார் என்று தோன்றுகிறது. அதேவேளை, மாரிமுத்து இருந்தபோது இருந்த உயிர்ப்பு குறைந்ததையும் மறுக்க முடியவில்லை. இவ்விரண்டும் ஒரே காரணத்தால் நிகழ்ந்தவை.

ஜனனியாக முதல் பாகத்தில் நடித்த மதுமிதா இரண்டாம் பாகத்தில் இல்லை, பார்வதி நடித்தார். தொடர் இரசிகர்களுக்கு முகம் மாறுவது புதிதன்று. 'சித்தி'யின் இரண்டாம் பாகம் 2020 ஜனவரியில் தொடங்கி, பெருந்தொற்றால் தடைபட்டு, பின் ராதிகாவே விலகிய பிறகும் தொடர்ந்ததைக் கண்டவர்கள்தானே நாம்! சித்தி இல்லாமல் 'சித்தி' ஓடிய விந்தை அது.

என் மனக்குறை முகங்களைப் பற்றியதன்று, கதையைப் பற்றியது. முதல் பாகத்தின் முடிவில், இப்பெண்கள் இனித் தங்கள் கால்களில் எவ்வாறு நிற்பார்கள் என்ற வினா எஞ்சியிருந்தது. நந்தினி சமையற்கலையை எவ்வாறு தொழிலாக்குவாள்? முதல் மாதக் கணக்கில் நட்டம் வந்தால் என்ன செய்வாள்? ரேணுகாவின் நடன வகுப்புக்கு முதலில் எத்தனை பிள்ளைகள் வருவார்கள்? இவற்றைக் காணவே காத்திருந்தேன். ஆனால் கதை மீண்டும் வீட்டுக்குள் புகுந்தது. ஈஸ்வரியின் மகன் தர்ஷனின் திருமணம் யார் விருப்பப்படி நடக்க வேண்டும் என்ற ஒரே முடிச்சில் மாதக்கணக்கில் சுழன்றது. பெண்கள் எதிர்ப்பதையே காட்டினார்கள். உழைப்பதைக் காட்ட நேரம் போதவில்லை போலும். சவர்க்காரம் விற்கப் பிறந்த வடிவத்துக்குத் திருமண மண்டபம் கிடைத்துவிட்டால், வெளியே வர மனம் வருவதில்லை.

பெருவின் மரியாவை இங்கே நினைக்கிறேன். பார்வையாளர்களை மாற்றியது அவள் கண்ணீர் மட்டுமன்று. அவள் தைத்ததை அவர்கள் பார்த்தார்கள். தைக்கலாம் என்று நம்பினார்கள்.

வகுப்பறைக்குத் திரும்புவோம்

அன்று அம்மாணவியை வேறு குழுவுக்கு அனுப்பினேன். பையனைக் கண்டிக்கவில்லை. அடுத்த நன்னெறிக் கல்விப் பாடத்தில் அவனையே குணசேகரனாக நடிக்கச் சொன்னேன். மகிழ்ச்சியோடு எழுந்து வந்தான். அம்மாணவியிடம் தனியே கேட்டு, அவள் சம்மதித்த பிறகு, நந்தினியாக நிற்கச் சொன்னேன். அவன் தன் வசனத்தைச் சொன்னான், வகுப்பு சிரித்தது. பிறகு இருவரையும் இடம் மாறச் சொன்னேன். இப்போது அவள் கையை நீட்டி அதே குரலில், "இந்தாம்மா ஏய்!" என்றாள். வகுப்பு முன்னிலும் பலமாகச் சிரித்தது. அவன் முகம் மட்டும் சிவந்தது.

"எப்படி இருந்தது?" என்று கேட்டேன். சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் சிரிச்சப்பதான் டீச்சர் கஷ்டமா இருந்துச்சு" என்றான்.

சிறுவன் சொன்னது என்னையும் சேர்த்துத்தான் என்று எனக்குப் பட்டது. அதட்டும் ஒருவனைவிட, அதற்குச் சிரிக்கும் கூட்டமே அதிகம் வலி தருகிறது. பகவந்தியை உத்தமி என்றவர்களும், ஆர்ச்சிக்குக் கைதட்டியவர்களும், நம் வரவேற்பறையில் சிரித்த நாமும் அந்தக் கூட்டமே.

பெற்றோர்களே, தொடர் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நானே கேட்க மாட்டேன். பிள்ளைகளை அறைக்குள் அனுப்பிவிட்டுப் பார்ப்பதும் பயன் தராது. வசனம் சுவரைத் தாண்டிப் போய்விடும். உடன் அமர்ந்து பார்க்கும் வேளையில், ஒரு காட்சி முடிந்து விளம்பரம் வரும் இடைவெளியில், "நீ அந்த அக்காவா இருந்தா என்ன செய்திருப்பே?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தூர்தர்ஷனில் அசோக் குமார் செய்ததும் அதுதான். ஆனால் அவரால் ஒருபுறமிருந்து பேச மட்டுமே முடிந்தது. பிள்ளையின் பதிலைக் கேட்க முடியவில்லை. நம்மால் முடியும்.

என் தாயாரிடம் அன்று வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "அந்தப் பொண்ணு அட்டையைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சா பாரு, அதான்" என்றார். அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை. மறுநாள் மாலை வழக்கம்போல் இருவரும் அமர்ந்து தொடரைப் பார்த்தோம்.